வெறும் தண்ணீர்

அவர் தண்ணீரைக் கண்ணால் பார்த்து நம்பமாட்டார். விரலை விட்டுத்தான் பார்ப்பார். வேலையிலிருந்து திரும்பியதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிற்கும் சீசாக்களில் ஒவ்வொன்றாக ஆள்காட்டி விரலை விடுவார். எந்தச் சீசாவில் எது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் செம்பருத்திக் கிளை. ஒரு நாள் கறிவேப்பிலைக் கொத்து. ஒரு நாள் யாரோ வேலியோரம் வெட்டிப் போட்ட நந்தியாவட்டை. விரல் நனைந்தால் சரி. நனையாவிட்டால் செம்பை எடுக்க உள்ளே ஓடுவார். நனைந்த விரலைத் துடைக்காமல் நெற்றியில் தேய்த்துக்கொள்வார். அது ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

நாங்கள் மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அவர் கீழ்ப் போர்ஷன். நாங்கள் "கீழ்வீட்டு சார்" என்போம். பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதுவது அவருக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடிவுக்கு வர முடியாததால் விட்டுவிட்டேன்.

ஒரு கல்லூரியில் தாவரவியல் சோதனைச்சாலையில் அட்டெண்டர் வேலை அவருக்கு. மாணவர்கள் அறுத்துப் பார்ப்பதற்கான இலை, தண்டு, பூ எல்லாவற்றையும் விடியற்காலையில் பறித்துக்கொண்டுபோய், மத்தியான வகுப்பு வரைக்கும் வாடாமல் வைத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன் என்பார். "புரொபசர் பேர் சொல்லுவாரு, புள்ளைங்க அறுக்கும். அது வரைக்கும் உசுரோட வெக்கறது நானு."

எனக்கு அப்போது எட்டு மாதக் குழந்தை. முதல் குழந்தை. பி.ஏ. படித்திருந்தேன். குழந்தை வளர்ப்பைப் பற்றி இரண்டு புத்தகங்களும், ஒரு தெர்மாமீட்டரும் வைத்திருந்தேன். குடிக்கிற தண்ணீரைக் கடிகாரம் பார்த்து இருபது நிமிஷம் கொதிக்க வைப்பேன். பிறகு, கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து இருபதா, அடுப்பில் வைத்ததிலிருந்தா என்று சந்தேகம் வந்து மறுபடி வைப்பேன். என் கணவர் ஒருமுறை, "தண்ணியே மிச்சமிருக்காது போலிருக்கே" என்றார்.

கீழ்வீட்டு சாரோடு நான் முதன்முதலாகச் சரியாகப் பேசியது ஒரு கட்டு அரைக்கீரையால். காலையில் வாங்கிய கீரையைக் குழந்தையின் அழுகையில் மறந்துவிட்டேன். மாலையில் பார்த்தால் துணி மாதிரி துவண்டு கிடந்தது. குப்பையில் போட எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"இன்னாம்மா, குப்பைக்கா?"

"வாடிப்போச்சு சார்."

"குடு இப்டி."

வேர்ப்பக்கத்தைக் கத்தியால் சீவி, கட்டைத் தளர்த்தி, ஒரு குவளைத் தண்ணீரில் நிற்க வைத்தார். "ரெண்டு மணி நேரம் கழிச்சு வா." நான் போனபோது கீரை நிமிர்ந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"வாடறது வேற, சாவறது வேறம்மா. நெறைய பேருக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது."

அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே, ரயிலேறிப் போக வேண்டிய ஆஸ்பத்திரி. டி.பி. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அந்த வியாதி" என்போம்.

அந்த அம்மாவை நான் ஏழெட்டு தடவைதான் நேராகப் பார்த்திருப்பேன். இருமலைத்தான் அதிகம் கேட்டேன். கீழே இருமல் கேட்டதும் மாடி ஜன்னலைச் சாத்துவேன். சத்தம் வராமல் சாத்துவேன். அது மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் வந்தது. அந்த வருஷம் மழை சரியாகப் பெய்யவில்லை. குழாயில் தண்ணீர் நூல் போல வரும். காலையில் எல்லாரும் குடத்தோடு நிற்போம். அந்தச் சமயத்தில்தான் அவர் கிறிஸ்மஸ் மரம் கொண்டுவந்தார்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு, இருட்டு பிரியுமுன்னே திருவான்மியூர் தாண்டிக் கடற்கரைப் பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குச் சைக்கிளில் போய்விட்டார். திரும்பி வரும்போது கேரியரில் ஓர் ஆள் உயரத்துக்குச் சவுக்கு நுனி, பச்சையாக, தெருவைப் பெருக்கிக்கொண்டு வந்தது. வெட்டிய இடத்தில் ஈரச் சாக்கைச் சுற்றி, அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்டதுபோல இறுக்கிக் கட்டியிருந்தார்.

அந்த வெட்டுப்பகுதியை அவர் "வாய்" என்றுதான் சொல்வார். வாளி தயாராக இருந்தது. சாக்கை அவிழ்த்து, அடியில் இரண்டு விரற்கடை ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டு, காற்றுப் படவே விடாதவர்போல உடனே தண்ணீருக்குள் இறக்கினார். சுற்றிக் கருங்கல் ஜல்லி போட்டு நிமிர்த்தினார்.

"வாய் காயக் கூடாது. காஞ்சா மூடிக்கும். மூடிக்கிச்சின்னா அப்பால கொடம் கொடமா ஊத்தினாலும் குடிக்காது."

வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கத்திக்காரர். தியாகராய நகரில் அவர்களுக்கு ஜவுளிக்கடை. வாய் கொஞ்சம் பெரிது, மனசு அவ்வளவு மோசமில்லை.

"ஏன் சார், நாங்க அடுப்புல வைக்கிற வெறகுக்கு நீங்க அபிஷேகம் பண்ணுதீகளே! குடிக்கத் தண்ணி இல்லாம ஊரே அலையுது."

"என் பங்குலதான் ஊத்தறேன். இன்னிக்கு நான் குளிக்கல, அது குளிச்சிச்சு."

"அய்ய, அதான் வாசம் வருதா!"

அவரும் சிரித்தார். ஆனால் முதல் நாள் மட்டும் அந்த மரம் ஏறக்குறைய ஒரு குடத்தைக் குடித்தது. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் விரல் விட்டுப் பார்ப்பார். மரம் இருந்த அறையில் மின்விசிறியைப் போடமாட்டார், காற்று ஈரத்தை இழுத்துவிடுமாம். வெயில் வரும் ஜன்னலில் சாக்குத் திரை. ரேடியோ சூடாகும் என்று அதை அடுத்த அறைக்கு மாற்றினார். அவர் கையில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருக்க, மரம் சுகமாக நின்றது.

என் கணவர் எதிலும் விவரம் கேட்பவர். "இதுக்கு ஏதாவது மருந்து, சர்க்கரை, உரம் அப்படிப் போடணுமா சார்?" என்றார்.

"வெறும் தண்ணி போதும் சார். அதுக்கு மேல போடறதெல்லாம் நம்ம திருப்திக்கு."

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றிருந்தேன். அந்தப் பேச்சு என் காதில் நன்றாக விழுந்தது. விழவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

மரத்தில் அவர் ஒன்றும் கட்டவில்லை. நட்சத்திரமும், கண்ணாடிக் குண்டுகளும், வெள்ளிக் காகிதச் சரமும் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. டின் மரத்தடியில் மூடியபடியே இருந்தது. "கட்றது அவ வேலை. கல்யாணமான நாள்லேர்ந்து அவதான் கட்றா. நான் தண்ணி ஊத்தறதோட சரி."

கிறிஸ்மஸுக்கு முன் அனுப்பிவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பிறகு, இன்னொரு பரிசோதனை இருக்கிறது, புது வருஷம் கழியட்டும் என்றார்கள். அதை அவர் எங்களிடம் சொன்னபோது முகத்தில் எதையும் காட்டவில்லை.

"ஆறாந்தேதி மூணு ராஜா திருநாளு. அது வரைக்கும் மரம் எடுக்கக் கூடாது. அதுக்குள்ள அவ வந்துட்டான்னு வெய்யி, கிறிஸ்மஸுக்கு வந்த மாதிரிதான். மரம் பச்சையா இருக்கணும், அவ்ளோதான்."

கிறிஸ்மஸ் அன்று வெள்ளைச் சட்டை போட்டு மாதா கோயிலுக்குப் போய்வந்து, ரயிலுக்குக் கிளம்பும் முன் எங்களுக்கு ஒரு தட்டில் கல்கல் கொண்டுவந்தார். மைதா மாவில் சோழி மாதிரி சுருட்டி எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டியது. தனி ஆளாகச் செய்திருக்கிறார். சோழி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் தெருமுனை திரும்பியதும் மொட்டைமாடிக்குப் போய்க் காக்கைக்குப் போட்டேன்.

"எண்ணெயில பொரிச்சதுல எந்தக் கிருமி இருக்கப்போகுது?" என்றார் என் கணவர்.

"எனக்குத் தெரியும்" என்றேன். நிஜமாகவே தெரியும். படித்திருக்கிறேன். தெரிவதும் பயப்படுவதும் ஒரே வீட்டில் இரண்டு போர்ஷன் மாதிரி இருந்தன எனக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கதவு இல்லை.

ஜனவரி இரண்டாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஐந்தாம் தேதி அனுப்புகிறார்கள். அதற்குமுன் எக்ஸ்ரே படம் எடுப்பது, டாக்டரைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கூட ஆள் இருக்க வேண்டும். அவர் மூன்று நாள் அங்கேயே, பக்கத்தில் ஓர் உறவுக்காரர் வீட்டில் தங்கப்போவதாகச் சொன்னார். அப்போது மரம் பத்து நாள் தாண்டியும் தோப்பில் நின்றதுபோலவே இருந்தது. ஊசி இலைகளைக் கையில் உருவினால் ஒன்றுகூட உதிராது. பெருமையோடு எனக்கு உருவிக் காட்டினார்.

"மூணு நாளு பாத்துக்கிறியாம்மா? காலைல ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு."

சாவியை நீட்டினார். நான் அதை வாங்கத்தான் கை நீட்டினேன் என்று நினைக்கிறேன். கை போதிய வேகத்தில் போகவில்லை போலிருக்கிறது. அவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீ உள்ளல்லாம் வர வேணாம்மா. நானே மேல கொண்டாந்து உங்க வராண்டால வெச்சுட்றேன். நெழலாத்தான் கீது அங்க."

வாளியோடு மரத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார். தண்ணீர் தளும்பாமல் ஒவ்வொரு படியாக வைத்து வைத்து ஏறினார். நான் குழந்தையோடு பின்னால் போனேன்.

அன்று மத்தியானம் குழந்தை வராண்டாவில் தவழ்ந்து போய் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. முதல் தடவையாகத் தானாக நின்றது. எந்தத் தாயும் கை தட்டியிருப்பாள். நான் அலறினேன். அதன் கை வாய்க்குப் போய்விட்டிருந்தது. தூக்கிக்கொண்டு போய் விரல் விரலாகச் சோப்புப் போட்டுக் கழுவினேன், தோல் சிவந்து அது வீரிடும்வரை.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இந்த வாளி எத்தனை மாதம் அந்த அறையில் இருந்திருக்கும்? அந்த அம்மா இதில்தான் முகம் கழுவியிருப்பாளா? யோசித்து முடித்ததும் குளியலறைக்குப் போய்ப் பினாயில் சீசாவை எடுத்துவந்தேன். ஒரு மூடி ஊற்றினேன். தண்ணீர் பால்போல் வெளுத்தது. ஒரு மூடி போதுமா என்று சந்தேகம் வந்தது. இன்னொரு மூடி ஊற்றினேன்.

என் கடமையில் நான் குறைவைக்கவில்லை. காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு, சொன்னபடி ஊற்றினேன். மறுநாள் கிளை நுனிகள் தொங்கின. அதற்கடுத்த நாள் நுனியிலிருந்து பழுப்பு இறங்க ஆரம்பித்தது. வராண்டா முழுக்க ஊசி ஊசியாக உதிர்ந்தது. "என்ன இங்க ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது?" என்றார் என் கணவர். வராண்டாவைக் கழுவினேன் என்றேன். வாளியைக் கவிழ்த்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றலாமா என்று எத்தனையோ தரம் எழுந்தேன். அந்தத் தண்ணீரைத் தொட வேண்டுமே. உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த அம்மா இறங்கினாள். புடவைதான் வந்து நிற்பதுபோல அவ்வளவு மெலிவு. அவளை வாசல் நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, செருப்புக்காலோடு அவர் மாடிக்கு ஓடிவந்தார்.

மரத்தைப் பார்த்தார். குனிந்து, வழக்கம்போல, விரலை வாளிக்குள் விட்டார். விரல் நன்றாக நனைந்தது. நெற்றிக்குப் போன கை பாதியில் நின்றது. விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

"எவ்ளோ ஊத்தினம்மா?"

"ரெண்டு மூடி சார்."

சோதனைச்சாலையில் மாணவன் சொல்வதைக் கேட்பதுபோலத் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாப்பாவுக்காகத்தான ஊத்தின. பரவால்லம்மா. எனக்கும் பயம் இருந்துச்சி. மொத வாரம் அவ தட்டு, டம்ளரல்லாம் தனியா எடுத்து வெச்சேன். அவ பாத்துட்டா. ஒண்ணும் கேக்கல."

வாளியைத் தூக்கினார். தூக்கும்போது ஊசிகள் அவர் தோளில் கொட்டின. படியில் இரண்டு அடி இறங்கியவர் நின்றார்.

"இத அவகிட்ட சொல்லிக்க வேணாம். ஆஸ்பத்திரில அந்த வாசனைய அவ பட்டது போதும்."

குழாயடியில் அவர் வாளியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஜல்லியைக்கூட அலசினார். ரம்பத்தை எடுத்து மறுபடி இரண்டு விரற்கடை அறுத்தார். அது இனிக் குடிக்காது என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அறுத்தார், ஊற்றினார், விரல் விட்டுப் பார்த்தார்.

கீழே பேசுவது மாடிக்கு நன்றாகக் கேட்கும். நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

"இன்னாங்க இது, என்னியவிட எளச்சுக் கீது?" அந்த அம்மாவின் குரல் இவ்வளவு கலகலப்பானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இருமலுக்கு நடுவில் அதைக் கேட்டதே இல்லை.

"விறகுக் கடை மரம். மட்டம். ஏமாந்துட்டேன்."

"நீங்களா? மரத்துல நீங்களா ஏமாந்தீங்க?"

"வயசாய்க்கினு வருதில்ல."

இருட்டு பிரியுமுன் சைக்கிள் மிதித்துப் போய்த் தோப்பில் தேடித் தேடி எடுத்த மரம். உலகத்தில் அவர் பெருமைப்பட்டுக்கொண்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். அதை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டார். பிஸ்கட் டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா முற்றத்துக்கு வந்து மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். நான் இறங்கத் தொடங்கினேன். இன்றும் சத்தியமாகச் சொல்வேன், தொடங்கினேன்.

"வேணாம்மா, அங்கியே நில்லு. எறங்காத." முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "டாக்டரு ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு. இருந்தாலும் பச்சக் கொழந்த. தூக்கிக் காட்டு, போதும். அய்யோ, எப்டி வளந்துடுச்சி! நிக்குதா?"

"நிக்கிறா" என்றேன். எதைப் பிடித்துக்கொண்டு முதலில் நின்றாள் என்று சொல்லவில்லை.

அவளுக்குப் பின்னால், திறந்த கதவுக்குள், பழுப்பு மரத்தின் உச்சியில் வெள்ளி நட்சத்திரம் தெரிந்தது. கண்ணாடிக் குண்டுகளின் பாரத்தில் கிளைகள் வளைந்திருந்தன. அவர் தரையில் உட்கார்ந்து, உதிர்ந்ததைக் கையால் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் தேதி திருநாள் முடிந்து, மறுநாள் மரத்தை எடுத்துத் துண்டு போட்டு வெந்நீர் அடுப்புக்கு வைத்தார். அன்று காலை நான் கதவைத் திறந்தபோது எங்கள் மேல்படியில் ஓர் இங்க் சீசா இருந்தது. அதில் ஒரு சாண் நீளத்துக்குச் சவுக்குக் கிளை. பச்சை. அவர் கீழ்ப்படியில் நின்றிருந்தார். மேலே வரவில்லை.

"உள்ளுக்குள்ள இது ஒண்ணு மட்டும் காயாம இருந்துச்சிம்மா. தண்ணி பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். தினமும் தண்ணீர் மாற்றினேன், வெறும் தண்ணீர். பதினோரு நாள் பச்சையாக இருந்தது. ஆனால் அந்தப் பதினோரு நாளும் அது படியில்தான் நின்றது. வீட்டுக்குள் எடுத்துவரவில்லை. தினமும் கீழே சைக்கிளை எடுக்கும்போது நிமிர்ந்தால் அவர் கண்ணில் அது பட்டிருக்கும்.

பிப்ரவரியில் என் கணவருக்கு மாற்றல் வந்து நாங்கள் வெளியூர் போய்விட்டோம். சொல்லிக்கொள்ளக் கீழே போனேன். வாசலிலேயே நின்றேன். அவர்களும் உள்ளே வரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பேனா என்பதை ஏழு வருஷமாக யோசிக்கிறேன். சில நாள் போயிருப்பேன் என்று தோன்றுகிறது, சில நாள் இல்லை.

இப்போது அடையாறில் இருக்கிறோம். போன மாதம் பாண்டி பஜாரில் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா நன்றாகத் தேறி, சதை போட்டு, நான்கு வருஷம் வரிசையாக மரம் கட்டினாளாம். அப்புறம் அவருக்கு ரிடையர்மென்ட், காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். "யாரு கண்டா? போறப்பகூட ஒரு வாளி நெறைய செடிய மடியில வச்சிக்கிட்டுத்தான் வண்டியில உக்காந்திருந்தாரு மனுசன்" என்றார்.

என் மகளுக்கு எட்டு வயதாகப்போகிறது. தம்பிக்கு இரண்டு. நேற்று தெருவில் சவுக்குக்கட்டை வண்டி போயிற்று. நிறுத்தி ஒரு சிறு கிளை கேட்டேன். வண்டிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒடித்துக் கொடுத்தார். அடியைச் சீவி, இங்க் சீசாவில் வைத்து, குழந்தைகள் படுக்கும் அறையில், ஜன்னல் வெயில் படாத மூலையில் நிறுத்தியிருக்கிறேன்.

"இது எதுக்கும்மா?" என்றாள் மகள்.

"சும்மாதான். நீ தண்ணியில கை வைக்கலாம், பரவாயில்ல" என்றேன்.

இன்று காலை அடுப்பைப் பற்ற வைக்குமுன் போய் விரலை விட்டுப் பார்த்தேன். நனைந்தது. தண்ணீருக்கு வாசனை கிடையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். பிறகு நெற்றியில் தேய்த்துக்கொண்டேன்.